தன்னார்வத் திறந்த மூலத் திட்டங்களில் தலைமைப் பொறுப்பைப் பகிர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2018 ஜூலை 12 அன்று, பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராசம், அம்மொழியின் மையக் குழுவினருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தம்மிடம் இருந்த இறுதி முடிவாளர் பொறுப்பிலிருந்து விலகினார். மொழியில் ஒரு மாற்றத்தைக் கோரிய பெப் 572 என்ற முன்மொழிவைச் சுற்றி எழுந்த நீண்ட சச்சரவு அவரைச் சலிப்படையச் செய்திருந்தது. தமக்குப் பின் வருபவர் யார் என்று அவர் அறிவிக்கவில்லை. எப்படி நடத்துவது என்பதைக் குழுவே தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அந்த மடலில் பலரும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு பகுதி உண்டு. வழு அறிக்கைகளிலும் (நிரல் பிழை பற்றிய புகார்களிலும்), நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்திலும் அன்றாடம் எடுக்கப்படும் முடிவுகளைப் பற்றித் தமக்குக் கவலையில்லை என்றும், முன்மொழிவுகளை ஏற்பதா மறுப்பதா என்பதை யார் முடிவு செய்வது, புதிய மைய உறுப்பினர்களை எப்படிச் சேர்ப்பது என்ற இரண்டுமே முக்கியமான கேள்விகள் என்றும் அவர் குறிப்பிட்டிருந்தார்.

தலைமையைப் பகிர நினைக்கும் எந்தக் குழுவும் கருதிப் பார்க்க வேண்டிய வேறுபாடு இது. பைத்தானில் வேலை ஏற்கெனவே பல பேரிடம் பரவியிருந்தது. முடிவெடுக்கும் உரிமை மட்டும் ஒருவரிடம் தங்கியிருந்தது. அவர் விலகியபின் புதிய ஆளுகை முறையைத் தேர்ந்தெடுக்க டிசம்பர் வரை ஆயிற்று. அந்த முறைப்படி முதல் வழிநடத்தும் குழு அமைந்தபோது 2019 பிப்ரவரி வந்துவிட்டது. அனுபவமிக்க மையக் குழுவும் பின்னால் ஓர் அறக்கட்டளையும் இருந்த திட்டத்துக்கே இவ்வளவு காலம் பிடித்தது என்றால், மூன்று நான்கு பேர் மாலை நேரங்களில் பராமரிக்கும் திட்டத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல் போட ஆட்கள் வந்துவிடுவார்கள். கணக்குப் புத்தகம் யாரிடம் இருப்பது என்னும் இடத்தில்தான் பேச்சு நின்றுபோகும். எவரும் நிரலைப் படிக்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூலத் திட்டங்களிலும் அப்படித்தான் நடக்கிறது.

இனி வரும் படிகள், இரண்டு பேர் முதல் இருபது பேர் வரை உள்ள, பெரும்பாலும் ஊதியமின்றி இயங்கும் குழுக்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பெரிய திட்டங்களின் அனுபவம் எடுத்துக்காட்டுகளாக வருகிறது. அவற்றின் அமைப்பை அப்படியே நகலெடுக்க வேண்டியதில்லை, நகலெடுப்பது பெரும்பாலும் கேடாகவே முடியும்.

படி 1: யாரிடம் என்ன இருக்கிறது என்பதை எழுதுங்கள்

முதல் வேலை ஒரு கணக்கெடுப்பு. ஒரு பொதுக் கோப்பைத் திறந்து, திட்டத்தை உயிரோடு வைத்திருக்கும் ஒவ்வொரு பொறுப்பையும் ஒரு வரியில் எழுதுங்கள். நிரல் மாற்றங்களை இணைப்பது, புதிய பதிப்பை வெளியிடுவது, பாதுகாப்புக் குறைபாடு குறித்து வரும் தனி மடல்களைப் படிப்பது, வழு அறிக்கைகளை வகைபிரிப்பது, மொழிபெயர்ப்புகளைச் சேர்ப்பது, ஆவணங்களைத் திருத்துவது, இணையதளத்தின் டொமைனைப் புதுப்பிப்பது, நன்கொடைப் பணத்தைக் கையாள்வது, நடத்தை விதி மீறப்பட்டதாக வரும் புகாரை விசாரிப்பது, ஒரு புதிய வசதியை "வேண்டாம்" என்று மறுப்பது, புதியவர் ஒருவருக்கு அனுமதி வழங்குவது ஆகியவை அந்தப் பட்டியலில் கட்டாயம் இடம்பெற வேண்டும். கடைசி இரண்டும் பெரும்பாலான பட்டியல்களில் விடுபடுகின்றன. அவற்றை வேலை என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் தலைமை என்பது பெரும்பகுதி அந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது.

ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று விவரங்களைக் குறியுங்கள்: இதை இப்போது செய்பவர் யார், அவர் நாளை முதல் ஒரு மாதம் கிடைக்காவிட்டால் செய்யக்கூடியவர் யார், இதில் கருத்து வேறுபாடு வந்தால் கடைசிச் சொல் யாருடையது. நினைவிலிருந்து எழுதாமல், களஞ்சியத்தின் (நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் இடத்தின்) கடந்த ஆறு மாதப் பதிவுகளைப் பார்த்து எழுதுங்கள். குழுவில் எட்டுப் பேர் இருப்பதாக எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கும் திட்டங்களில், பதிவுகளைப் பார்த்தால் இரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வருவது வழக்கம்.

இந்தக் கணக்கெடுப்பை நேர்மையாக எழுதுவதற்கு லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் 'மெயின்டெய்னர்ஸ்' கோப்பு நல்ல முன்மாதிரி. அதில் ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாளரின் பெயரோடு நிலையும் குறிக்கப்படுகிறது. இதைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு ஊதியம் கிடைக்கிறது என்பது ஒரு நிலை; ஊதியம் இல்லாவிட்டாலும் ஒருவர் கவனிக்கிறார் என்பது இன்னொரு நிலை; ஒருவர் பெயருக்கு இருக்கிறார், அவ்வப்போது சிறு திருத்தங்களுக்கு மேல் அவருக்கு நேரமில்லை என்பது மூன்றாவது; ஆளே இல்லை என்பதைச் சொல்லவும் ஒரு நிலை உண்டு. 'அனாதை' என்று வெளிப்படையாக எழுதத் துணியும் கோப்பைப் பார்த்துத்தான் புதியவர் ஒருவர், "இதை நான் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்க முடியும். எல்லாப் பகுதிக்கும் யாரோ ஒருவர் இருப்பதாகக் காட்டிக்கொள்ளும் பட்டியல் அந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

படி 2: சாவிகளை முதலில் சரிசெய்யுங்கள்

ஆளுகை விதிகளைப் பற்றி விவாதிப்பதற்கு முன்பே இதை முடித்துவிடலாம். இதில் கருத்து மோதலுக்கு இடம் குறைவு. களஞ்சியம் ஒருவரின் சொந்தக் கணக்கில் இருந்தால் அதை அமைப்புக் கணக்கு ஒன்றுக்கு மாற்றி, குறைந்தது இரண்டு பேரை உரிமையாளர்களாக வையுங்கள். தொகுப்பு வெளியிடப்படும் பதிவகங்களிலும் இரண்டு பேருக்கு உரிமை இருக்கட்டும். பைத்தான் தொகுப்புகள் வெளியிடப்படும் பைபிஐ பதிவகம் 2024-இன் தொடக்கத்திலிருந்து இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆகவே ஒருவரின் கைப்பேசி தொலைந்தால் மீட்புக் குறியீடுகள் எங்கே உள்ளன என்பதையும் கேட்டுவைக்க வேண்டும். டொமைன் யாருடைய பெயரில், யாருடைய அட்டையில் புதுப்பிக்கப்படுகிறது என்பதைப் பாருங்கள். ஒரே கடவுச்சொல்லை நான்கு பேர் பகிர்ந்துகொள்வது பொறுப்புப் பகிர்வு ஆகாது. யார் என்ன செய்தார் என்ற தடயமே அதில் மிஞ்சாது.

படி 3: முடிவுகளை வகைபிரியுங்கள்

பொறுப்புப் பகிர்வு பல இடங்களில் தோற்பதற்குக் காரணம், எல்லா முடிவுகளையும் ஒரே முறையில் எடுக்க முயல்வதுதான். எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு என்றால் எழுத்துப்பிழைத் திருத்தம்கூட ஒரு வாரம் காத்துக்கிடக்கும். எதற்கும் வாக்கெடுப்பு இல்லை என்றால், யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவரே தலைவர் ஆகிவிடுவார்.

நடைமுறையில் மூன்று வகை போதும். எளிதில் திரும்பப் பெறக்கூடிய முடிவுகள் முதல் வகை: வழுத் திருத்தங்கள், ஆவண மாற்றங்கள், சோதனைகள். இவற்றை ஒரு பகுதியின் பொறுப்பாளர் இன்னொருவரின் பார்வைக்குப் பின் தாமே இணைத்துவிடலாம். இரண்டாம் வகை, ஒரு பகுதியைக் கடந்து மற்றவர்களின் வேலையைப் பாதிப்பவை: புதிய சார்புத் தொகுப்பை (திட்டம் நம்பியிருக்கும் வெளி நிரலை) சேர்ப்பது, பிற நிரல்கள் பயன்படுத்தும் பொது இடைமுகத்தின் பெயரை மாற்றுவது போன்றவை. திரும்பப் பெற முடியாதவையோ திட்டத்தின் அடையாளத்தைத் தொடுபவையோ மூன்றாம் வகை: உரிமத்தை மாற்றுவது, பெயரை மாற்றுவது, பணத்தைச் செலவிடுவது, ஒருவருக்கு அனுமதி தருவது அல்லது அவரிடமிருந்து அதைப் பறிப்பது.

இரண்டாம் வகைக்கு அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்கள் நெடுங்காலமாகக் கையாளும் 'மௌன இசைவு' முறை மிகவும் பொருந்தும். ஒருவர் தாம் செய்யப்போவதைப் பொதுவில் எழுதி, குறிப்பிட்ட காலம் காத்திருந்து, எதிர்ப்பு வராவிட்டால் செய்துவிடுகிறார். ஆதரவு தெரிவிப்போர் +1 என்றும் எதிர்ப்போர் -1 என்றும் எழுதுகின்றனர். அங்கே நிரல் மாற்றத்துக்கு எதிரான -1 தடை உரிமையாகவே கருதப்படுகிறது. ஆனால் தொழில்நுட்பக் காரணம் கூறப்படாத தடை செல்லாது. புதிய பதிப்பை வெளியிடும் முடிவுக்கோ தடை உரிமையே கிடையாது. திட்ட மேலாண்மைக் குழுவினரிடமிருந்து குறைந்தது மூன்று +1 கிடைத்து, ஆதரவு எதிர்ப்பைவிட அதிகமாக இருந்தால் பதிப்பு வெளியாகும். இந்த வேறுபாட்டில் ஆழ்ந்த அனுபவம் இருக்கிறது. மோசமான நிரல் உள்ளே வருவதைத் தடுக்க ஒருவரால் முடிய வேண்டும். ஆனால் ஒருவரின் தயக்கத்தால் திட்டம் முழுவதும் வெளியீடின்றி முடங்கிவிடக் கூடாது.

காத்திருக்கும் காலத்தைப் பற்றி ஒரு சொல். அப்பாச்சியில் வாக்கெடுப்புகளுக்கு வழக்கமான காலம் குறைந்தது 72 மணி நேரம். ஊதியம் பெறுவோருக்கு வார இறுதி ஓய்வு நாள். தன்னார்வலருக்குப் பெரும்பாலும் அதுவே வேலை நாள். திங்கட்கிழமை தொடங்கி வியாழக்கிழமை முடியும் 72 மணி நேரம், சனி ஞாயிறுகளில் மட்டும் கணினி முன் அமரும் உறுப்பினரை முற்றிலும் தவறவிட்டுவிடும். ஆகவே சிறிய தன்னார்வக் குழுக்கள் இரண்டாம் வகை முடிவுகளுக்கு ஒரு முழு வாரத்தை, அதாவது ஒரு சனி ஞாயிறு கட்டாயம் உள்ளடங்கும் காலத்தை, வைத்துக்கொள்வதே நியாயம் என்பது என் கருத்து. மூன்றாம் வகை முடிவுகளில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. ஒவ்வொருவரும் வெளிப்படையாகப் பதில் எழுத வேண்டும்.

படி 4: பகுதிகளாகப் பிரித்து, உண்மையிலேயே ஒப்படையுங்கள்

நிரலின் அமைப்பை ஒட்டியே பொறுப்புகளைப் பிரிப்பது எளிது. பல கணினிகளில் மென்பொருளை இயக்கி நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் திட்டத்தில் ஒவ்வொரு அடைவுக்குள்ளும் (கோப்புறைக்குள்ளும்) 'ஓனர்ஸ்' என்ற சிறிய கோப்பு இருக்கலாம். அந்தப் பகுதியின் மாற்றங்களைப் பரிசீலிப்பவர்கள் யார், இறுதி ஒப்புதல் தருபவர்கள் யார் என்பது அதில் தனித்தனியே எழுதப்பட்டிருக்கும். சிறிய திட்டத்துக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. ஐந்தாறு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர்கள் என்றால் போதும். இரண்டாவது பெயருக்கு ஆள் கிடைக்காத பகுதியை அந்தக் குறையோடு அப்படியே எழுதிவையுங்கள். ஒப்புக்கு ஒரு பெயரைப் போட்டு நிரப்ப வேண்டாம்.

ஒப்படைத்தபின் என்ன செய்யக் கூடாது என்பதே இங்கே கடினமான பாடம். லினக்ஸ் சார்ந்த இயங்குதளத்தை உருவாக்கும் டெபியன் திட்டத்தின் அரசியலமைப்பு 1998-இல் ஏற்கப்பட்டது. அதன்படி ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் திட்டத் தலைவர், தம் அதிகாரங்களின் சில பகுதிகளைப் பிரதிநிதிகளிடம் ஒப்படைக்கலாம். பிரதிநிதிகளை மாற்றவும் செய்யலாம். ஆனால் ஒரு பிரதிநிதி எடுத்துவிட்ட முடிவைத் தலைவர் புரட்டிப் போட முடியாது. "இப்படி முடிவெடுத்தால்தான் இந்தப் பொறுப்பு உனக்கு" என்று நிபந்தனை விதிக்கவும் முடியாது. தம் திட்டத்தைத் தாமே தொடங்கி வளர்த்தவர்களுக்கு இந்த விதி கசக்கும். ஆவணப் பகுதியை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் தேர்ந்த கட்டமைப்பு நமக்குப் பிடிக்காதபோது இரவோடு இரவாக மாற்றிவிட்டால், அவர் அதன்பின் எந்த முடிவையும் எடுக்கமாட்டார். எல்லாவற்றுக்கும் நம்மிடம் வந்து கேட்பார், அல்லது வராமலே போய்விடுவார். ஒருமுறை அவ்வாறு செய்துவிட்டால், கோப்பில் என்ன எழுதியிருந்தாலும் அதிகாரம் யாரிடம் என்பது குழு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

பிடிக்காத முடிவைச் சந்திக்கும்போது பின்பற்ற வேண்டிய வழி இது: பொதுவில் உங்கள் ஆட்சேபத்தைக் காரணத்தோடு எழுதுங்கள், பொறுப்பாளர் கேட்டுவிட்டுத் தம் முடிவிலேயே நின்றால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள், அது திட்டத்துக்கே தீங்கு என்று உறுதியாக நம்பினால் மூன்றாம் வகை முடிவாக முழுக் குழுவின் முன் வையுங்கள்.

படி 5: புதியவர்களைக் கவனத்தோடு உள்ளே கொண்டுவாருங்கள்

பெரும்பாலான திட்டங்கள், ஆள் தானாக வந்து கேட்கும்வரை காத்திருக்கின்றன. தகுதியுள்ளவர்களில் பலர் கேட்கமாட்டார்கள். தமக்கு அந்தத் தகுதி இல்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பராமரிப்பாளர்கள் ஒன்றுகூடி, பொறுப்பு ஏற்கக்கூடியவர் யார் என்று பேசி, அவருக்குத் தனிமடல் எழுதுவது நல்ல வழக்கம். அந்த மடல் குறிப்பானதாக இருக்கட்டும்:

"வணக்கம். கடந்த சில மாதங்களாக மொழிபெயர்ப்புக் கோப்புகளில் நீங்கள் செய்துவரும் பரிசீலனைகள் எங்களுக்குப் பெரிதும் உதவியிருக்கின்றன. அந்தப் பகுதியின் இரண்டாவது பொறுப்பாளராக ஆறு மாதங்களுக்கு இருக்க இசைவீர்களா? வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதிர்பார்க்கவில்லை. இடையில் நேரம் இல்லாமல் போனால் ஒரு வரி எழுதிவிட்டு விலகலாம். காரணம் கூற வேண்டியதில்லை. இயலாது என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள்."

எந்தப் பொறுப்பு, எவ்வளவு காலம், எவ்வளவு நேரம், வெளியேறும் வழி எது என்ற நான்கும் இதில் இருப்பதைக் கவனியுங்கள். "குழுவில் சேர்கிறீர்களா?" என்ற வெற்று அழைப்பில் இவை எதுவும் இருக்காது.

பழகிக்கொள்ளும் காலம் ஒன்றை வைப்பதும் நல்லது. குபர்னெட்டிஸ் வெளியீட்டுக் குழுவில் ஒவ்வொரு பொறுப்பாளரோடும் 'நிழல்' உறுப்பினர்கள் சிலர் ஒரு வெளியீட்டுச் சுழற்சி முழுவதும் உடனிருந்து கற்கிறார்கள். அடுத்த சுழற்சிகளின் பொறுப்பாளர்கள் பெரும்பாலும் அவர்களிலிருந்தே வருகிறார்கள். இரண்டு பேர் மட்டுமே உள்ள திட்டத்திலும் இதைச் செய்யலாம்: அடுத்த பதிப்பைப் புதியவர் வெளியிடட்டும், பழையவர் உடனிருந்து பார்க்கட்டும், எங்கெல்லாம் புதியவர் தடுமாறுகிறாரோ அங்கெல்லாம் வெளியீட்டு ஆவணத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். எழுதப்படாத அறிவு எவ்வளவு இருந்தது என்பது அப்போதுதான் தெரியவரும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஓர் எச்சரிக்கை உண்டு. 2024 மார்ச் 29 அன்று, ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைத் தொடர்ந்து ஆராய்ந்து, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக் கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) பொருத்தப்பட்டிருந்ததை வெளிப்படுத்தினார். உலகின் கணக்கற்ற லினக்ஸ் கணினிகள் சார்ந்திருந்த அக்கருவியை ஒரே ஒருவர் ஊதியமின்றிப் பராமரித்துவந்தார். 2021-இலிருந்து பொறுமையாகப் பங்களித்து நம்பிக்கையைப் பெற்ற ஒரு புனைபெயர் கணக்கே கள்ளக் கதவை வைத்தது. இடையில் 2022-இல், வேறெங்கும் காணப்படாத சில கணக்குகள் மின்னஞ்சல் குழுவில் தோன்றி, வேலை தாமதமாகிறது, இன்னொரு பராமரிப்பாளரைச் சேருங்கள் என்று அவரை நெருக்கின.

இதிலிருந்து "புதியவர் எவரையும் நம்பாதே" என்ற முடிவுக்கு வருவது தவறு. ஒருவர் தனியே சுமந்ததுதான் அந்தத் தாக்குதலுக்கு வாய்ப்பைத் திறந்தது. பின்பற்றத்தக்கவை வேறு. திட்டத்தில் எந்த வேலையும் செய்யாதவர்கள் தரும் நெருக்கடியை அனுமதி வழங்குவதற்கான காரணமாக ஏற்காதீர்கள். நிரலை இணைக்கும் உரிமையையும் பதிப்பை வெளியிடும் உரிமையையும் ஒரே சமயத்தில் ஒருவருக்கே தராதீர்கள். எக்ஸ்இசட்டில் கள்ளக் கதவை இயக்கிவிட்ட வரிகள் பொதுக் களஞ்சியத்தில் இல்லை. வெளியிடப்பட்ட சுருக்கக் கோப்பில் மட்டுமே இருந்தன. ஆகவே வெளியிடப்படும் கோப்பு களஞ்சியத்திலிருந்து தானியங்கி முறையில் உருவாகட்டும். வெளியிடுபவர் அல்லாத இரண்டாமவர் ஒருவர் அதைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்பே அறிவிப்பு வரட்டும்.

இணையதளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ திட்டம் 2020-இல் தன் பழைய மையக் குழுவைக் கலைத்தபோது, இணைப்பவர், வெளியிடுபவர் என்று இரு தனிப் பொறுப்புகளை உருவாக்கியது. அதன் நோக்கம் பாதுகாப்பைவிட, பெருமைக்குரிய பட்டத்தையும் இயந்திரத்தை இயக்கும் வேலையையும் பிரிப்பதாகவே இருந்தது. என்றாலும் இங்கேயும் அது பயன்படும்.

படி 6: குழு, காலவரையறை, பொறுப்புக்கூறல்

பத்துப் பேருக்குக் குறைவான திட்டத்துக்குத் தேர்தல் தேவையில்லை. பராமரிப்பாளர்கள் அனைவரும் சேர்ந்தே முடிவெடுக்கலாம். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பை ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சுழற்றிக்கொண்டால் போதும். ஆட்கள் பெருகி, எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க முடியாத நிலை வரும்போதுதான் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவுக்கு வேளை வருகிறது.

அந்தக் கட்டத்தில் பெப் 13 என்ற பைத்தானின் ஆளுகை ஆவணம் படிக்கத்தக்கது. வழிநடத்தும் குழுவில் ஐவர். ஒவ்வொரு பெரிய பதிப்புக்குப் பின்னும் புதிய தேர்தல். ஒரே நிறுவனத்தில் பணிபுரிபவர்கள் ஐவரில் இருவருக்கு மேல் இருக்கக் கூடாது. மையக் குழுவில் வாக்களிப்பவர்களில் மூன்றில் இரு பங்கினர் நம்பிக்கையில்லை என்று வாக்களித்தால் ஓர் உறுப்பினரையோ முழு வழிநடத்தும் குழுவையோ நீக்கலாம். அக்குழுவுக்குப் பரந்த அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. அதே ஆவணம், அந்த அதிகாரத்தை இயன்ற அளவு குறைவாகவே பயன்படுத்த வேண்டும் என்றும், வாக்கெடுப்பைவிட இணக்கத்தை நாட வேண்டும் என்றும் கூறுகிறது. நிறுவனர் என்ன ஆனார் என்பதும் கவனிக்கத்தக்கது. முதல் குழுவின் ஐவரில் ஒருவராக வான் ராசம் இருந்தார். அடுத்த தேர்தலில் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். முன்னாள் தனித்தலைவர் ஓராண்டு சம உறுப்பினராக இருந்துவிட்டு நகர்வது, ஒரேயடியாக மறைந்துபோவதைவிடவும் நிரந்தரமாக மேலே அமர்ந்திருப்பதைவிடவும் நல்லது.

தேர்தல் வைத்தால் யாருமே நிற்காத நிலைக்கும் விதி எழுதுங்கள். 2019-இல் டெபியன் தலைவர் தேர்தலில் வேட்புமனுக் காலம் முடிந்தபோது ஒருவர்கூட முன்வந்திருக்கவில்லை. வேட்பாளர் இல்லையெனில் காலம் ஒரு வாரம் நீட்டிக்கப்படும், தேவையானால் மறுபடியும் நீட்டிக்கப்படும் என்ற விதி அரசியலமைப்பில் முன்பே இருந்ததால் குழப்பம் நேரவில்லை. நீட்டிப்பில் வேட்பாளர்கள் வந்தார்கள், சாம் ஹார்ட்மன் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மேலே இருப்பவர்களைக் கேள்வி கேட்பது யார் என்பதையும் எழுத வேண்டும். ரஸ்ட் நிரல்மொழித் திட்டத்தின் ஒழுங்காற்றுக் குழுவினர் 2021 நவம்பரில் ஒட்டுமொத்தமாக விலகினர்; மையக் குழு தன்னைத் தவிர வேறெவருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத நிலையில் இருக்கிறது என்பதே அவர்களின் குற்றச்சாட்டு. அந்த மையக் குழுவின் இடத்துக்கு, பிற குழுக்களின் பிரதிநிதிகள் அடங்கிய தலைமை மன்றம் வந்தது 2023-இல்தான். சிறிய திட்டத்தில் இதற்குத் தீர்வு எளிமையானது: நடத்தைப் புகார்களைப் பெறும் இருவரில் ஒருவராவது பராமரிப்பாளர் அல்லாதவராக இருக்கட்டும், யார்மீது புகாரோ அவர் விசாரணையிலிருந்து விலகியிருக்கட்டும்.

இவ்வளவையும் ஒரு பக்கத்துக்குள் எழுத முடியும். தொடக்கத்துக்கு இப்படி ஒரு வடிவம் போதும்:

"இத்திட்டத்தின் பகுதிகளும் பொறுப்பாளர்களும் 'மெயின்டெய்னர்ஸ்' கோப்பில் உள்ளனர். ஒரு பகுதிக்குள் அடங்கும் முடிவுகளை அதன் பொறுப்பாளர்கள் எடுப்பர். பல பகுதிகளைத் தொடும் முடிவுகள் பொதுவில் அறிவிக்கப்பட்டு, ஏழு நாட்களில் காரணத்தோடு கூடிய எதிர்ப்பு வராவிடில் நடைமுறைக்கு வரும். உரிமம், பெயர், பணம், அனுமதி ஆகியவை பற்றிய முடிவுகளுக்குப் பராமரிப்பாளர்களில் மூன்றில் இரு பங்கினரின் வெளிப்படையான இசைவு தேவை. பொறுப்பு ஓராண்டுக்கு உரியது, விரும்பினால் புதுப்பிக்கலாம். ஆறு மாதங்கள் செயல்பாடு இல்லாதவருக்கு மடல் அனுப்பப்பட்டு, ஒரு மாதத்தில் பதில் வராவிடில் அவர் ஓய்வுநிலைப் பட்டியலுக்கு மாற்றப்படுவார். திரும்பி வர விரும்பினால் ஒரு மடல் போதும்."

நாற்பது பக்க அரசியலமைப்பை முதல் நாளிலேயே எழுதும் குழுக்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. விதிகளை எழுதும் உற்சாகம் தீர்ந்ததும் அவற்றைப் படிப்பதற்கும் ஆள் இருப்பதில்லை.

படி 7: விலகுவதை இயல்பாக்குங்கள்

தன்னார்வக் குழுவும் அலுவலகமும் வேறுபடும் முதன்மையான இடம் இது. ஊதியம் இல்லாத இடத்தில் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. டெபியன் அரசியலமைப்பு இதைத் தன் தொடக்கத்திலேயே சொல்கிறது: திட்டத்துக்காக வேலை செய்தே ஆக வேண்டும் என்ற கடமையை இந்த ஆவணம் எவர்மீதும் சுமத்தாது, ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விரும்பாதவர் செய்ய வேண்டியதில்லை, ஆனால் முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராகச் செயல்படக் கூடாது. தன்னார்வத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுதிய விதியை நான் கண்டதில்லை. உங்கள் கோப்பிலும் இதே கருத்தை ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியேறும் வழி தெளிவாக இல்லாத இடத்தில் மக்கள் வெளியேறுவதில்லை. பெயரளவில் இருந்துகொண்டே மறைந்துபோகிறார்கள். அவர்கள் பெயர் பட்டியலில் இருப்பதால் அந்தப் பகுதிக்கு ஆள் இருப்பதாகக் கருதப்படுகிறது. புதியவர் எவரும் வருவதில்லை. வரும் மாற்றங்கள் பதிலின்றிக் கிடக்கின்றன. ஜாங்கோவின் மையக் குழு கலைக்கப்பட்டதன் பின்னணியும் இதுதான்: பட்டியலில் பலர் இருந்தும் செயலில் இருந்தவர்கள் குறைந்துபோய், பெரும்பாலான இணைப்புகளை ஊதியம் பெறும் 'ஃபெல்லோ'க்களே செய்துவந்தனர். பட்டம் கௌரவமாக மாறிவிட்டால் அதைத் துறப்பது தோல்வியாகத் தோன்றும். அதனால்தான் ஓய்வுநிலைப் பட்டியல் தேவைப்படுகிறது. குபர்னெட்டிஸின் 'ஓனர்ஸ்' கோப்புகளில் முன்னாள் ஒப்புதலாளர்களுக்கென்றே தனி இடம் உண்டு. பெயர் அங்கே நிற்கிறது, கடமை நீங்கிவிடுகிறது, களஞ்சியத்தின் அனுமதியும் திரும்பப் பெறப்படுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும். பயன்படுத்தப்படாத அனுமதி, வேறொருவர் கையில் சிக்கக்கூடிய சாவி என்பதை மறக்கலாகாது.

விலகுபவர் செய்ய வேண்டியவை சில உண்டு: பாதியில் நிற்கும் வேலைகளைப் பட்டியலிடுவது, தம் மின்னஞ்சலுக்கு வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புகார்களைக் குழு முகவரிக்குத் திருப்புவது, தமக்கு மட்டும் தெரிந்த முரண்பாடுகளையும் பழைய முடிவுகளின் காரணங்களையும் எழுதிவைப்பது. ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய வேலை இது. ஆனால் களைத்துப்போனபின் அந்த ஒரு மணி நேரம்கூட மனத்தில் இருக்காது. அதனால் களைப்பு வருவதற்கு முன்பே ஒத்திகை பார்ப்பது நல்லது. 2018 செப்டம்பரில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சில வாரங்கள் விலகியிருந்தபோது, கெர்னலின் 4.19 பதிப்பைக் கிரெக் குரோவா-ஹார்ட்மன் நடத்தி வெளியிட்டார். நிலைப் பதிப்புகளைப் பல ஆண்டுகளாக அவரே கவனித்துவந்ததால் கைமாற்றம் சிக்கலின்றி நடந்தது. உங்கள் திட்டத்திலும் முதன்மைப் பராமரிப்பாளர் ஆண்டுக்கு ஒரு மாதம் முன்கூட்டியே அறிவித்துவிட்டு முற்றிலும் ஒதுங்கியிருக்கட்டும். அந்த மாதத்தில் ஒரு சிறு பதிப்பும் வெளிவரட்டும். எது நின்றுபோகிறதோ அது இன்னும் பகிரப்படவில்லை.

படி 8: பதிவும் மறுஆய்வும்

தனி உரையாடல்களில் எடுக்கப்படும் முடிவுகள், அந்த உரையாடலில் இல்லாதவரைத் தலைமையிலிருந்து விலக்கிவிடுகின்றன. அரட்டையிலோ காணொளிக் கூட்டத்திலோ பேசலாம். முடிவு மட்டும் பொது இடத்தில் எழுத்தில் வந்த பிறகே முடிவாகக் கருதப்படட்டும். வெவ்வேறு நேர மண்டலங்களில் உறுப்பினர்கள் இருந்தால் கூட்ட நேரத்தைச் சுழற்றுங்கள். ஒரே ஆள் எப்போதும் நள்ளிரவில் விழித்திருக்கும்படி ஆகக் கூடாது.

இந்த எட்டுப் படிகளையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். முதல் இரண்டையும் ஒரு வார இறுதியிலேயே முடிக்கலாம். மூன்றாவதையும் நான்காவதையும் அடுத்த இரண்டு மாதங்களில் நடைமுறைப்படுத்தி, அதில் எழும் சிக்கல்களைப் பார்த்தபின் ஆறாம் படியின் ஒரு பக்கக் கோப்பை எழுதுங்கள். நடைமுறை முன்னும் விதி பின்னும் வந்தால்தான் விதி பொருந்தும். ஆட்களைத் தேடும் ஐந்தாம் படி எப்போதும் நடந்துகொண்டே இருக்க வேண்டியது.

ஓராண்டு கழித்து முதல் படியின் கணக்கெடுப்பை மீண்டும் எடுங்கள். ஒரே பெயர் உள்ள வரிகள் எத்தனை குறைந்திருக்கின்றன என்பதோடு, "கடைசிச் சொல் யாருடையது" என்ற கட்டத்தில் எத்தனை வெவ்வேறு பெயர்கள் வந்திருக்கின்றன என்பதையும் பாருங்கள். முதலாவது குறைந்து இரண்டாவது அப்படியே இருந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். அடுத்த மறுஆய்வின் தேதியையும், அதைக் கூட்ட வேண்டியவரின் பெயரையும் ஆளுகைக் கோப்பின் அடியிலேயே எழுதிவையுங்கள். அந்தப் பெயர் திட்டத்தைத் தொடங்கியவருடையதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.